திக்கிப் பேசும் மாணவனின் வாக்கியத்தை வகுப்பே முடித்து வைக்கிறது: உணர்வுப் பயிற்சிக்குப் பின் நடந்தது

வகுப்பாசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் படுகையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு வகுப்பாசிரியை, 46 மாணவர்கள். சென்ற மாதம் வெளியிலிருந்து வந்த பயிற்றுநர் ஒருவர் இரண்டு பிற்பகல்கள் ‘உணர்வு நுண்ணறிவு’ என்னும் தலைப்பில் பயிற்சி அளித்தார். அவர்மீது எனக்குக் குறை ஏதுமில்லை. மாணவர்களை வட்டமாக அமரவைத்து, சினம் வரும்போது உடலில் எந்த இடத்தில் தெரிகிறது, பொறாமைக்கும் ஏமாற்றத்துக்கும் என்ன வேறுபாடு என்றெல்லாம் பேசவைத்தார்; வழக்கமாக வாயே திறக்காத மூவர் அன்று பேசினார்கள். இரண்டாம் நாள் இறுதியில், ‘என்னை மிகவும் புண்படுத்துவது எது’ என்று ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது.

என் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருக்கிறான். கேலி செய்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன், நான் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் என் வாக்கியத்தை முடித்துவிடுவதுதான் எனக்கு வலிக்கிறது என்று, நெடுநேரம் எடுத்துக்கொண்டு, அவன் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது.

அடுத்த வாரத்திலிருந்து அவன் வாய் திறந்தாலே வகுப்பு அவனுக்காக வாக்கியத்தை முடித்து வைக்கிறது. கூச்சல் இல்லை, சிரிப்பும் இல்லை. மிகப் பணிவான குரலில், உதவி செய்வதைப் போல, நான்கைந்து பேர் சேர்ந்து சொல்கிறார்கள். முதல் இரண்டு நாள் அதை நானும் உதவி என்றே எண்ணினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் வருகைப் பதிவின்போது அவன் பெயரை அழைத்ததும், அவன் உதட்டைக் கூட்டுவதற்குள் பின்வரிசையிலிருந்து ‘உள்ளேன் அம்மா’ என்று ஒரே குரலாக வந்தது. அப்போது அவன் முகத்தைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது.

இதைத் தொடங்கியவன் யார் என்பதும் தெரியும். பிறருடைய மனநிலையை எங்கள் வகுப்பில் அவனைப் போல் துல்லியமாக அறிபவர் இல்லை. நான் தலைவலியோடு வந்தால் கேட்காமலே சன்னலைச் சாத்துவான். பயிற்றுநரும் அவனைத்தான் சிறந்த பங்கேற்பாளன் என்று பாராட்டிவிட்டுச் சென்றார். உணர்வுகளை அறியும் திறன் வளர்ந்தால் சீண்டல் குறையும் என்று நம்பியே இந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்கினோம். கத்தியை நாங்களே சாணை பிடித்துக் கொடுத்துவிட்டோமோ என்று இப்போது தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

கோவை ஆலோசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பள்ளிகளில் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். உங்கள் ஐயம் பாதி சரி என்றே சொல்வேன்.

1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் உணர்வு நுண்ணறிவை ஆய்வுக் கருத்தாக வரையறுத்தபோது, அது ஒரு திறன் மட்டுமே: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கண்டறிவது, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது, அந்த அறிவைக் கொண்டு எண்ணத்தையும் செயலையும் நடத்துவது. கணக்குப் போடும் திறன் போன்றது அது. கணக்குத் தெரிந்தவன் கடைக்கணக்கும் எழுதலாம், கள்ளக்கணக்கும் எழுதலாம். 1995இல் டேனியல் கோல்மன் அதைப் பொதுமக்களிடம் கொண்டு சென்ற பிறகு, விடாமுயற்சி, தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, நல்லியல்பு என அந்தச் சொல்லின் முதுகில் பலவும் ஏறிக்கொண்டன. நம் பள்ளிகளுக்கு வரும் பயிற்சிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருளில் வாக்குறுதி கொடுத்து, முதல் பொருளில் பாடம் நடத்துகின்றன.

அடுத்தவரைத் துன்புறுத்தும் பிள்ளை மனம் மரத்தவன், பிறர் முகத்தைப் படிக்கத் தெரியாத முரடன் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 1999இல் ஜான் சட்டனும் உடன் ஆய்வாளர்களும் இங்கிலாந்தில் 7 முதல் 10 வயதுவரையுள்ள குழந்தைகளிடம் கதைகளைச் சொல்லி, கதைமாந்தர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்டார்கள். துன்புறுத்தலை முன்னின்று நடத்தும் குழந்தைகள், அவர்களுக்குப் பின்பாட்டுப் பாடுபவர்களையும் துன்பப்படுபவர்களையும் விட அதில் அதிக மதிப்பெண் பெற்றார்கள். உங்கள் வகுப்பில் சன்னலைச் சாத்தும் மாணவனைத்தான் அந்த ஆய்வு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே வரைந்து வைத்திருக்கிறது.

அடுத்தவனுக்கு வலிக்கிறது என்று தெரிவது ஒன்று. அந்த வலி தன்னையும் வந்து தொடுவது வேறொன்று. டேரிக் ஜாலிஃபும் டேவிட் ஃபாரிங்டனும் இங்கிலாந்துப் பதின்பருவத்தினரிடம் செய்த ஆய்வில், துன்புறுத்துவோரிடம் குறைந்து காணப்பட்டது இந்த இரண்டாவதுதான். இரண்டு பிற்பகல் வகுப்பு முதலாவதை வளர்க்கும். இரண்டாவதை வளர்க்க இரண்டு பிற்பகல் போதாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யார் வலியவர், யார் எளியவர் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும் அறையில், ஒவ்வொருவரும் தம் புண் எங்கே இருக்கிறது என்று காட்டுமாறு கேட்டது பிழை. அந்தப் பயிற்சியை நானும் முன்பு நடத்தியிருக்கிறேன். இப்போது நடத்துவதில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

34 ஆண்டுகள் ஆசிரியப் பணி, அதில் 9 ஆண்டுகள் தலைமையாசிரியர். இத்தனை ஆய்வும் இத்தனை பெயரும் இதற்குத் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. பையன்கள் என்றால் ஒருவரை ஒருவர் ஓட்டத்தான் செய்வார்கள். எங்கள் காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது, எனக்கும் இருந்தது, அதைச் சொல்லி அழைத்த நண்பர்கள்தான் இன்றும் என் வீட்டுத் திருமணத்துக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறுகிறார்கள்.

எல்லை மீறினால் நான் செய்தது எளிமையானது. இரண்டு பேரையும் அறைக்கு அழைப்பேன். என்ன நடந்தது என்று இருவரிடமும் கேட்பேன். செய்தவனை மன்னிப்புக் கேட்கச் சொல்லி, இருவரையும் கைகுலுக்க வைத்து, தோளில் கைபோட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகச் சொல்வேன். அதன்பின் புகார் வந்ததில்லை. அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்த்தால், பிள்ளைகள் வெளியுலகத்தில் ஒரு கடுஞ்சொல்லைக்கூடத் தாங்கமாட்டார்கள்.

கோவை ஆலோசகர் எழுதியது:

ஐயா, தங்கள் அனுபவத்தின் மீது மதிப்பு வைத்தே மாறுபடுகிறேன். தங்களைப் பட்டப்பெயரால் அழைத்த நண்பரைத் தாங்களும் திருப்பி அழைத்திருப்பீர்கள். அந்தத் திருப்பி அழைத்தல் இருக்கும்வரை அது விளையாட்டு.

நார்வேயில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் பள்ளித் துன்புறுத்தல் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டே அந்நாட்டு அரசு நாடு தழுவிய தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அதனையொட்டி பெர்கன் நகரில் பணியைத் தொடங்கியவர் டான் ஓல்வேயுஸ். அவர் துன்புறுத்தலுக்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மூன்றாவதை விட்டுவிட்டால் எல்லாமே இருவர் சண்டையாகத்தான் தெரியும். சண்டைக்குச் சமரசம் உண்டு. ஒருவன் மட்டும் அடிவாங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் எதைப் பாதியாகப் பிரித்துச் சமரசம் செய்வது?

அதன்பின் புகார் வந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். துன்புறுத்தியவன் எதிரிலேயே உட்கார்ந்து தன் வலியை விளக்கி, அவன் கையையே குலுக்கிவிட்டு வெளியே வந்த மாணவன், இரண்டாம் முறை அந்த அறைக்கு வருவானா என்பதை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

தடுப்புத் திட்டங்கள் பலவற்றின் முடிவுகளைத் தொகுத்து ஃபாரிங்டனும் மரியா டோஃபியும் வெளியிட்ட மதிப்பீட்டில், அவை சராசரியாகத் துன்புறுத்தலை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைப்பதாகத் தெரிந்தது. கூடுதலாகப் பயன் தந்தவற்றுள் ஒன்று, இடைவேளையில் பெரியவர்கள் திடலில் கண்காணித்து நிற்பது. சக மாணவர்களை நடுவர்களாக்கிச் சமரசம் பேசவைப்பது போன்ற முறைகளோ நிலைமையை மோசமாக்கியதாகவே அதில் காணப்பட்டது. ‘ஓல்வேயுஸ் என்ன சொன்னால் என்ன, எங்கள் பள்ளித் திடலில் நிற்க யார் இருக்கிறார்கள்’ என்று ஆசிரியர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அது நியாயமான கேள்விதான்.

தமிழாசிரியர் ஒருவர் எழுதியது:

ஓட்டுதல், கலாய்த்தல், வம்பிழுத்தல் என்று இதற்கு மாணவர்கள் கையாளும் சொற்களைக் கவனித்தால், அனைத்தும் விளையாட்டைக் குறிப்பவை. செய்பவனின் பக்கத்திலிருந்து பிறந்தவை. ‘சும்மா ஓட்டினோம் ஐயா’ என்று சொல்லிவிட்டால் குற்றம் ஆவியாகிவிடுகிறது. படுபவனின் பக்கத்திலிருந்து சொல்ல, பதினான்கு வயதுப் பையனிடம் இயல்பான ஒரு சொல் இல்லை. ‘என்னைத் துன்புறுத்துகிறார்கள்’ என்று அவன் சொன்னால், அந்தச் சொல்லுக்காகவே இன்னொரு முறை கேலி செய்யப்படுவான்.

ஆனால் தமிழுக்கு இது புதிய செய்தி அன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உணர்வுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காகச் சொல்கிறது. நகை பிறக்கும் காரணங்களில் முதலாவது எள்ளல். அழுகை பிறக்கும் காரணங்களில் முதலாவது இளிவு, அதாவது பிறரால் இகழப்பட்டு எளியவனாதல். ஒரே செயல் ஒருவன் பக்கம் எள்ளலாகவும் மற்றவன் பக்கம் இளிவாகவும் இருப்பதை வகுப்பில் நாள்தோறும் பார்க்கிறோம். பாடம் நடத்தும்போது இந்த இரண்டு நூற்பாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, ‘நேற்று மதியம் இதில் எது நடந்தது?’ என்று மட்டும் கேட்பேன். யார் பெயரையும் சொல்லமாட்டேன். ஒரு முறை அப்படிக் கேட்டபோது வகுப்பு முழுவதும் யாரையும் பார்க்காமல் மேசையைப் பார்த்தது. அதனால் பெரிய மாற்றம் நிகழ்ந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நாள் ‘சும்மா’ என்ற சொல்லை அவர்களால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை.

மெய்ப்பாடு என்பது உடலில் வெளிப்படுவது என்பதையும் கவனியுங்கள். ஆசிரியை அவர்கள் மூன்றாம் நாள் மாணவனின் முகத்தைப் பார்த்துத்தான் உண்மையை அறிந்தார். குரல்கள் பணிவாகவே இருந்தன.

கிள்ளான் வாசகர் எழுதியது:

மலேசியத் தமிழ் நாளேடுகளில் இதற்குப் ‘பகடிவதை’ என்ற சொல் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. பகடியும் இருக்கிறது, வதையும் இருக்கிறது. தமிழாசிரியர் கேட்கும் இரண்டு பக்கமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. இலங்கையில் ‘பகிடிவதை’ என்றால் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர்கள் புதியவர்களை வதைப்பதைக் குறிக்கும் என அறிவேன்.

தென்மாவட்டத்துக்காரர் எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். எங்கள் பக்கத்தில் நடப்பதை இந்தச் சொற்களுக்குள் அடக்க முடியவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், தம்மோடு படித்தவர்கள் தமக்குக் கொடுத்துவந்த தொல்லையைப் பள்ளியில் தெரிவித்த பின், வீட்டுக்குள் புகுந்த சக மாணவர்களால் அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதைத் தொடர்ந்து தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றோடு வரக்கூடாது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்க வேண்டும், பள்ளி நல அலுவலர் என்ற பணியிடத்தை ஏற்படுத்த வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளுள் சில. கயிறு பற்றி 2019இலேயே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்து, எதிர்ப்புக்கு உள்ளானதையும் பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

கோவை ஆலோசகர் சொன்ன வலிமை ஏற்றத்தாழ்வு எங்கள் வகுப்பறையில் உயரத்தாலோ மதிப்பெண்ணாலோ வருவதில்லை. அது வாசலுக்கு வெளியே தெருவிலேயே முடிவாகி, சீருடை அணிந்துகொண்டு உள்ளே வருகிறது. அங்கே ஒரு பயிற்றுநர் வந்து, ‘உன் சினம் உடலில் எங்கே இருக்கிறது’ என்று கேட்டால், சிறுமைப்படுத்தப்பட்டவனின் நியாயமான சினத்தையும் அடக்கி ஆளவேண்டிய ஒரு குறைபாடாக ஆக்கிவிடுவார். உணர்வை நிருவகிக்கக் கற்றுக்கொடுக்கும் முன், யாருடைய உணர்வு, எதனால் வந்த உணர்வு என்று கேட்கும் துணிவு பள்ளிக்கு வேண்டும். சாதிப் பெயரைச் சொல்லி அழைத்த மாணவனைக் கண்டிக்கத் தயங்கும் ஆசிரியரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு மாணவனின் மனம் புரியாமல் இல்லை. மாணவனின் சித்தப்பா யார் என்பது அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

இரண்டாமாண்டு மாணவன் எழுதியது:

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதத் தயக்கமாக இருந்தது. ஆனால் வாக்கியத்தை முடித்து வைத்த அந்த நான்கைந்து பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அந்த நான்கைந்து பேரில் ஒருவனாக இருந்தவன்.

எங்கள் வகுப்பில் பருமனான ஒருவன் இருந்தான். அவன் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் நாங்கள் அனைவரும் ஓர் அங்குலம் எழுந்து உட்காருவோம், பெஞ்சு மறுமுனையில் தூக்கியது போல. அதைக் கண்டுபிடித்தவன் நான் அல்லன். முதல் முறை சிரிப்பு வந்தது. பத்தாம் முறை வரவில்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் எழுந்து உட்கார்ந்தேன். அவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரிந்தது. தெரிந்ததால்தான் எழுந்தேன். எழாமல் இருந்தால் அடுத்து என்னைப் பார்ப்பார்கள். என் காது பெரிது. அதை யாரும் அதுவரை கவனித்திருக்கவில்லை.

அந்த ஆண்டு யாராவது என்னைத் தனியாக அழைத்து, ‘நீ மட்டும் நாளை எழாதே’ என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். கேட்டிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்னோடு இன்னும் இருவர் எழமாட்டார்கள் என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

கோவை ஆலோசகர் எழுதியது:

தம்பி, இந்த இழையில் மிகவும் பயனுள்ள பதிவு உங்களுடையது. ஃபின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996இல் சொன்னதும் இதுதான்: துன்புறுத்துபவன், துன்பப்படுபவன் என்ற இருவர் நாடகம் அல்ல அது, கூட நின்று செய்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கிப் போகிறவர், தடுப்பவர் என வகுப்பு முழுவதற்கும் அதில் பாத்திரம் உண்டு. அவர் குழு உருவாக்கிய ‘கிவா’ திட்டத்தில், துன்பப்படும் மாணவனுக்குத் துணை நிற்குமாறு வகுப்பில் மதிப்புள்ள இரண்டு முதல் நான்கு பேரை ஆசிரியர் தனியே அழைத்துக் கேட்கிறார்.

கனடாவின் டொரொண்டோவில் பள்ளித் திடல்களைப் படம்பிடித்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலான நிகழ்வுகளில் சக மாணவர்கள் சுற்றி நின்றிருந்தார்கள்; ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றிலேயே யாரேனும் தலையிட்டார்கள். அப்படித் தலையிட்டவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பத்து நொடிகளுக்குள் நின்றுபோயின.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ‘கிவா’ தொடக்கப் பள்ளியில் தந்த பயனை மேல்வகுப்புகளில் அதே அளவில் தரவில்லை. பல திட்டங்களின் முடிவுகளைத் தொகுத்து 2015இல் டேவிட் யேகரும் பிறரும் காட்டியதும் இதையே ஒத்தது: எட்டாம் வகுப்பு அளவிலிருந்து மேலே போனால் வழக்கமான தடுப்புப் பாடங்களின் பயன் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. பதினான்கு வயதில், பெரியவர் எழுதிக்கொடுத்த நற்குணப் பாடத்தை விட, பக்கத்து பெஞ்சில் தனக்கு இருக்கும் மதிப்புதான் பெரிது. அதனால் ஒன்பதாம் வகுப்புக்கு நான் பாடம் நடத்தச் சொல்லமாட்டேன். ஆள் பார்த்துப் பேசச் சொல்வேன்.

திருப்பூர்த் தந்தை எழுதியது:

என் மகள் பத்தாம் வகுப்பு. அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வகுப்புத் தோழிகள் ஒன்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவை ஒருநாள் கலைத்துவிட்டு, மறுநாள் எட்டுப் பேருடன் அதே பெயரில் தொடங்கினார்கள். மதிய உணவில் அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். பள்ளிக்குச் சென்று கேட்டேன். அங்கிருந்த ஓர் அம்மையார் மிகவும் அன்போடு, உங்கள் மகளுக்கு உணர்வு நுண்ணறிவு கொஞ்சம் குறைவு, இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எட்டுப் பேரில் ஒருவருக்கும் இல்லாத குறை, ஒதுக்கப்பட்டவளுக்கு மட்டும் இருக்கிறது!

அன்றிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கசக்கிறது. இந்த இழையில் ஆசிரியை அவர்கள், தாமே முதலில் தவறாகப் புரிந்துகொண்டதாக எழுதியதைப் படித்தபோதுதான் சற்று ஆறுதலாக இருந்தது. அந்த அம்மையார் அப்படி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என் மகள் பள்ளி மாறியிருக்கமாட்டாள்.

வகுப்பாசிரியை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி. திருப்பூர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் வேறெதுவும் ஓடவில்லை.

முதலில் என்னையே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஆசிரியர் தின விழாவில், இப்போது இதைத் தொடங்கிய அந்த மாணவன் மேடையில் எங்கள் ஒவ்வொருவரின் நடையையும் பேச்சையும் நடித்துக் காட்டினான். எங்கள் வேதியியல் ஆசிரியர் ஒரு காலைச் சற்றே இழுத்து நடப்பார்; அதையும் செய்தான். அனைவரும் சிரித்தோம். நான் மிகவும் சிரித்தேன். பரிசும் கொடுத்தோம். வேதியியல் ஆசிரியரும் சிரித்தார். சிரிக்காமல் அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதை இப்போதுதான் எண்ணுகிறேன். ஒருவரின் குறையைத் துல்லியமாகக் கண்டெடுத்தால் மேடையும் கைதட்டலும் கிடைக்கும் என்ற பாடத்தை அவன் எங்களிடம்தான் கற்றான்.

செய்தவை இவ்வளவுதான். வருகைப் பதிவில் வாயால் பதில் சொல்வதை எல்லோருக்கும் நிறுத்திவிட்டு, கையை உயர்த்தச் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. பின்வரிசையில் குரல் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக, வெவ்வேறு நாளில், ஆய்வகத்தில் பொருள்களை அடுக்க உதவிக்கு அழைத்து, வேலைக்கு நடுவில் பேசினேன். நீ செய்தாய் என்று சொல்லவில்லை. அவனுக்கு வகுப்பில் பேசுவது மிகவும் கடினமாக இருக்கிறது, நீ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். இருவர் மழுப்பினார்கள். ஒருவன் உடனே, ‘நான் இனிச் சொல்லமாட்டேன் அம்மா, ஆனால் மற்றவர்கள் சொல்வார்கள்’ என்றான். தம்பி எழுதியதை நினைத்து, உன்னைப் போலவே இன்னும் இருவர் சொல்லியிருக்கிறார்கள் என்று அவனிடம் சொன்னேன். அப்போது அது உண்மையில்லை. அந்த வார இறுதிக்குள் உண்மையாகிவிட்டது. கபடி அணியில் இருக்கும் இரண்டு மாணவர்களிடம் அவனருகில் அமருமாறு கேட்டேன். அவர்கள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

தொடங்கியவனிடம் கடைசியாகப் பேசினேன். அவனிடம் மட்டும் நேராக, நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியும், அது உதவி இல்லை என்று உனக்கும் தெரியும், இது நிற்க வேண்டும் என்றேன். அவன் அழுதான். அந்த அழுகையில் எவ்வளவு உண்மை என்று கணிக்க எனக்குத் தெரியவில்லை. கணிக்காமல், நாளை மறுநாள் மீண்டும் பேசுவோம் என்று அனுப்பினேன். நான்கு முறை அப்படிப் பேசியாகிவிட்டது.

வகுப்பறைக்குள் நின்றுவிட்டது. ஆனால் மாலையில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் தொடர்வதாக, கபடி மாணவர்களில் ஒருவன் சொன்னான்.

தென்மாவட்டத்து ஐயாவுக்கு: எங்கள் வகுப்பிலும் தெரு இருக்கிறது. எழுத வேண்டியதை எழுதத் துணிவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

கைகுலுக்கல் பற்றி ஆலோசகர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் சைக்கிள் நிறுத்துமிடம் பற்றி எனக்குத் தெரியும். பள்ளியில் எல்லா வம்பும் மூன்று இடங்களில்தான் நடக்கும்: கழிப்பறைக்குப் போகும் வழி, மாடிப்படித் திருப்பம், சைக்கிள் கொட்டகை. மாலை மணி அடித்து முதல் பன்னிரண்டு நிமிடங்கள் கொட்டகையில் ஒரு பெரியவர் நின்றால் போதும். கம்பு வேண்டாம், கண்டிப்பும் வேண்டாம்; சாவியைத் தொலைத்த பையனுக்கு உதவிக்கொண்டு நிற்கலாம். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் நானே நின்றேன். யாரையும் நிற்கச் சொன்னால் முணுமுணுப்பார்கள் என்பதால்தான் நின்றேன் என்பதும் உண்மை. மாணவர்கள் எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கும். அதை யார் கண்ணும் படாத இடத்துக்கு மாற்றுங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்தால், போடுகிறவனை முழுப் பள்ளியும் பார்க்கும்.

இரண்டாமாண்டு மாணவன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு ஒரு கேள்வி. இவ்வளவும் நடக்கும்போது அந்த மாணவனிடம் யாராவது கேட்டீர்களா, அவனுக்கு என்ன வேண்டும் என்று?

வகுப்பாசிரியை எழுதியது:

இல்லை தம்பி. உங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் கேட்டேன். பேசச் சொன்னால் மீண்டும் அதே இடத்தில் நிறுத்துவதாகும் என்று, ஒரு தாளைக் கொடுத்து எழுதித் தரச் சொன்னேன். அவன் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். ஆய்வகத்தில் நாங்கள் இருவரும்தான், குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, நான் எந்தச் சொல்லையும் முடித்து வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாய் தானாகவே முந்துகிறது.

அவன் கேட்டவை மூன்று. கையை உயர்த்தும் முறை அனைவருக்கும் என்றால் இருக்கட்டும், தனக்காக என்றால் வேண்டாம். கபடி மாணவர்களில் ஒருவன் போதும், மற்றவன் நிறையப் பேசுகிறான். மூன்றாவது, தமிழ் வகுப்பில் உரைநடையை உரக்க வாசிக்கும் முறை வரும்போது, இரக்கப்பட்டுத் தன்னைத் தாண்டிப் போகிறார்கள். அப்படித் தாண்ட வேண்டாம், ஆனால் ‘க’, ‘ப’ என்ற எழுத்துகளில் தொடங்கும் பத்தியாக இல்லாமல் பார்த்துக் கொடுத்தால் போதும்.

அடுத்த வாரம் அவன் முறை வருகிறது. அடுத்த பாடத்தில் நேற்றிரவு தேடினேன்; நான்காம் பத்தி ‘மழை’ என்று தொடங்குகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர் எந்தக் கிழமைகளில் இருப்பார் என்று அவன் தாயார் கேட்டிருக்கிறார். எங்கள் பகுதியில் இருப்பவர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சைக்கிள் கொட்டகையில் இந்த வாரம் திங்களும் புதனும் நான் நிற்கிறேன், செவ்வாயும் வியாழனும் வேதியியல் ஆசிரியர். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.